என் நாத்தனாரும் சலவைக்கூடத்து சர்வரும்

என் வீட்டுக்காரரின் தங்கையை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது அவளுடைய அண்ணன்தான். வீடு தீப்பிடித்தாலும் எந்த மூலையில் பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மூலை தெரியாமல் ஊற்றினால் தண்ணீர்தான் வீண் என்பாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் தொழில். தோளில் ஒரு கறுப்புப் பை. அதற்குள் கேபிள்கள், குறடு, சின்னச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு தண்ணீர் பாட்டில். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். அவள் குடித்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் படபடப்பில் பாதிக் கதையைக் கொட்டிவிடுவார். கேட்டு வாங்க வேண்டியது மீதிப் பாதிதான்.

முன்னால் அவள் ஒரு பெரிய கம்பெனியில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பழுது என்று போன் செய்கிறவர்களுக்கு வழி சொல்கிற வேலை. அங்கே எவ்வளவு சீக்கிரம் பேசி முடிக்கிறோமோ அவ்வளவு நல்ல பெயர். இவளோ ஆளை விட மாட்டாள், கேள்வி மேல் கேள்வி கேட்பாள். பழுது சரியாகிவிடும், மேலதிகாரியின் முகம்தான் சரியாகாது. கடைசியில் இவளே வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். பேருந்து ஓட்டும் அவள் வீட்டுக்காரர், யோசித்துத்தானே செய்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டதோடு சரி. அந்த மனிதருக்கும் ஆண்டவன் நல்ல பொறுமையைக் கொடுத்திருக்கிறான்.

தனியாகத் தொழில் தொடங்கியபோது அவளுக்குக் கிடைத்த முதல் நிரந்தர இடம் எங்கள் சலவைக்கூடம். நான் அங்கே இஸ்திரிப் பகுதியில் இருக்கிறேன். முதலாளியிடம் நான்தான் அவளைப் பற்றிச் சொன்னேன். மாதாமாதம் வந்து பார்ப்பது, பழுது என்றால் ஓடி வருவது என்று பேச்சு. இந்த ஒரு இடம் நிலைத்தால்தான் பக்கத்துக் கடைக்காரர்களும் அவளை நம்பிக் கூப்பிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சலவைக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரித் துணி, ஹோட்டல் விரிப்பு, வீட்டுத் துணி எல்லாம் எங்களிடம் வரும். ஒவ்வொரு துணியிலும் உள்பக்கமாக, விரல் நக அகலத்தில் ஒரு நம்பர் பட்டி ஒட்டிவிடுவார்கள். அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் துணி யாருடையது, எந்த வேனில் போகணும், என்றைக்குக் கொடுக்கணும் என்று திரையில் வரும். வெளுத்து வந்த பிறகு வெள்ளைக் கோட்டுகள் எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நிற்கும். டாக்டருடையது எது, ஹோட்டல் சமையல்காரருடையது எது என்று நம்பர் சொன்னால்தான் உண்டு.

பட்டி ஒட்டும் அறையில் ஒரு மெயின் கம்ப்யூட்டர் இருக்கிறது. சர்வர் என்பார்கள். எல்லா விவரமும் அதற்குள் அடுக்கி வைத்திருக்கும். அந்த அடுக்குக்கு டேட்டாபேஸ் என்று பெயர். முன்பக்கக் கவுன்ட்டரிலும், எங்கள் இஸ்திரிப் பகுதியிலும், வேன் ஏற்றுகிற இடத்திலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எது வேண்டுமென்றாலும் சர்வரைத்தான் கேட்கும். அவற்றுக்கென்று தனியாக ஒன்றும் தெரியாது.

ஒரு நாள் மாலை, வேலை முடிகிற நேரத்தில் நிதானம் வந்தாள். சர்வரின் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பிக்க வேண்டும், பழசையே வைத்துக்கொண்டிருந்தால் வெளியாட்கள் நுழையச் சந்து கிடைத்துவிடும் என்றாள். அது மெதுவாகத்தான் நடந்தது. கவுன்ட்டர்காரர்கள் எல்லாம் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். எல்லாம் முடிந்து சர்வர் மறுபடி எழுந்ததும், அதிலேயே புரோகிராமைத் திறந்து பார்த்தாள். நன்றாகத் திறந்தது. கிளம்பிவிட்டாள். தீ பயத்தினால் எங்கள் முதலாளி இரவில் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். அன்றைக்கும் இறக்கினார்.

மறுநாள் காலை கவுன்ட்டரில் சிவப்புக் கோடு போட்டு ஒரு செய்தி. டேட்டாபேஸோடு இணைய முடியவில்லை. எங்கள் இஸ்திரிப் பகுதியிலும் அதே சிவப்பு. வேன் ஏற்றுகிற இடத்திலும் அதே. நல்ல எண்ணத்தில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர் அணைத்துப் போட்டார். ஒருவர் கேபிளைப் பிடுங்கி வாயால் ஊதிச் சொருகினார். வேன்காரர் திரையின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார். இஸ்திரி போட்ட கோட்டுகள் கம்பியில் மலைபோல் சேர்ந்துகொண்டே இருந்தன. மதியம் ஆஸ்பத்திரி வேன் கிளம்பியாக வேண்டும். அங்கே ஆபரேஷன் அறைக்குத் துணி இல்லாமல் போனால் எங்கள் கூடத்தின் பெயரே போய்விடும்.

முதலாளி நல்ல மனுஷன்தான், ஆனால் அன்றைக்கு அவர் முகம் கொதிகலன் மாதிரி இருந்தது. நிதானம் பையோடு உள்ளே வந்ததுமே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"நேத்து வரைக்கும் ஓடிக்கிட்டிருந்ததும்மா. நீ கை வெச்ச, நின்னு போச்சு. மதியம் வேன் கிளம்பறதுக்குள்ள சரியாகலைன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

நான் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தேன். மனதுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவளோ, சரிங்க சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

முதலில் எல்லாரையும் கையை எடுக்கச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருவரிடமும் போய், யார் என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். ஊதினவர் ஊதினேன் என்றார். தட்டினவர் தட்டினேன் என்றார். பட்டி ஒட்டும் அறையில் இருக்கிறவரை நாங்கள் நம்பர் அக்கா என்போம். காலையில் முதல் ஆளாக வந்து சர்வரின் திரையைப் போடுவது அவர்தான். அவரையும் கேட்டாள். "நான் ஒண்ணுமே பண்ணலம்மா, சத்தியமா" என்றார் அக்கா.

பிறகு கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அதிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. சர்வரில் உட்கார்ந்து கவுன்ட்டரைக் கூப்பிட்டாள். உடனே பதில் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அண்ணி, கேபிள்ல கோளாறு இல்ல. டேட்டாபேஸும் முழிச்சுக்கிட்டுதான் இருக்கு. உள்ள இருந்து கூப்பிட்டா வெளிய கேக்குது, வெளிய இருந்து கூப்பிட்டா உள்ள விடமாட்டேங்குது. யாரோ உள்பக்கமா தாழ்ப்பாள் போட்டிருக்காங்க."

சர்வருக்கு ஃபயர்வால் என்று ஒரு காவல் உண்டாம். வருகிறவர்களை நிறுத்தி விசாரித்து அனுப்புவது அதன் வேலை. எங்கள் கம்ப்யூட்டர்களை உள்ளே விடு என்று முன்பே அதற்கு இவள் சொல்லி வைத்திருந்தாள். சொன்னது அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அப்படியும் அது யாரையும் விடவில்லை. சந்தேகம் தீர, காவலை மட்டும் ஒரு கணம் எடுத்துவிட்டு, கவுன்ட்டரில் ஒரு நம்பரை அடிக்கச் சொன்னாள்.

சிவப்பு போய்விட்டது. ஒரு டாக்டரின் கோட்டு, வேன், நாள், எல்லாம் பளிச்சென்று வந்தது. கவுன்ட்டரில் ஒரே சந்தோஷம். வேன்காரர் கோட்டுகளை எடுக்கக் கம்பியில் கையே வைத்துவிட்டார்.

அதற்குள் இவள் காவலைத் திரும்பப் போட்டுவிட்டாள். மறுபடி சிவப்பு.

முதலாளிக்கு வந்ததே கோபம். ஓடியதை ஏன் நிறுத்தினாய், அப்படியே விட வேண்டியதுதானே, வேன் போகட்டும், மற்றதை நாளைக்குப் பார்க்கலாம் என்று சத்தம் போட்டார். எனக்கும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. இந்தப் பெண் ஏன் இப்படிக் கிடைத்ததைத் தட்டிவிடுகிறாள் என்று நினைத்தேன்.

"சார், இதுக்குள்ள எத்தனை வீட்டு விலாசம் இருக்கு. ஊருக்குப் போயிருக்கோம், வந்தப்புறம் துணி குடுங்கன்னு சொன்னவங்க பேரெல்லாம் இருக்கு. எந்த வீடு பூட்டிக் கிடக்குன்னு ஊருக்கே சொல்ற மாதிரி நான் திறந்து போட மாட்டேன். எது தடுக்குதுன்னு தெரிஞ்சு போச்சு, இன்னும் கொஞ்ச நேரம் குடுங்க."

குரலை உயர்த்தவில்லை. முதலாளி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் சர்வர் திரையில் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். சர்வர் தான் இருக்கிற இடத்தை இரண்டு விதமாக நினைத்துக்கொள்ளுமாம். ஒன்று நம்ம வீடு, இன்னொன்று பொது இடம். வீடு என்றால் தெரிந்தவர்களை உள்ளே விடும். பொது இடம் என்றால் யார் கூப்பிட்டாலும் வாயைத் திறக்காது. இவள் சொல்லி வைத்திருந்ததெல்லாம் வீட்டில் இருக்கும்போது நடந்துகொள்ள வேண்டிய முறை. இப்போது அது பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு மூட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

அங்கேயே மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நேற்று வீடாக இருந்தது இன்றைக்கு எப்படிப் பொது இடமானது என்று தெரியாமல் அவளுக்குக் கை ஓடாது. நாற்காலியை நம்பர் அக்கா பக்கம் திருப்பினாள். இந்தத் தடவை கேள்வியை வேறு மாதிரி கேட்டாள்.

"அக்கா, காலையில திரையைப் போட்டதும் அது உங்கள ஏதாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நான் வேணாம்னுட்டேன்."

"என்ன கேட்டுச்சு?"

"அத யாரு படிச்சா? கம்ப்யூட்டர் எது கேட்டாலும் வேணாம்னுதான் அமுக்கணும். அதுதானே முதலாளி எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது."

அந்தக் கட்டளை உண்மைதான். எப்போதோ ஒருவர் சரி என்று அமுக்கி, திரை முழுக்க விளம்பரமாய் வந்து, ஒரு நாள் வேலை கெட்டது. அன்றிலிருந்து எது கேட்டாலும் வேண்டாம் என்பதுதான் எங்கள் எல்லாருக்கும் பாடம். அதனால் அக்கா பொய் சொல்லவில்லை. வேண்டாம் என்று அமுக்கினால் அவர் கணக்கில் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், அதையேதான் சொல்லியிருப்பேன்.

நிதானம் அதைப் பொறுமையாக விளக்கினாள். புதுப்பித்த பிறகு சர்வருக்கு இடம் பற்றிய பழைய நினைவு கொஞ்சம் போயிருந்தது. இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் இருந்து காலையில் நெட்வொர்க்கைப் பார்த்ததும், இது யாரோ புதியவர்கள் என்று நினைத்துவிட்டது. இவர்கள் நம்மவர்களா, பேசலாமா என்று கேட்டது. அக்கா வேண்டாம் என்றதும், சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

"அப்ப நான்தான் எல்லாத்தையும் நிறுத்தினேனா?" என்று கேட்டபோது அக்காவின் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சொல்லிக் குடுத்ததச் செஞ்சீங்க அக்கா. அது கேட்ட நேரத்துல பக்கத்துல இருக்க வேண்டியவ நானு."

இடத்தை மறுபடி வீடு என்று மாற்றினாள். காவல் இருந்தபடியே இருந்தது. கவுன்ட்டரில் அடித்தார்கள், வந்தது. இஸ்திரிப் பகுதியில் நானே அடித்தேன், வந்தது. ஆண்டவனே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அத்தோடு விடுவாளா? சர்வரையும், கம்ப்யூட்டர்களை அதோடு இணைக்கிற நெட்வொர்க் பெட்டியையும் ஒரேயடியாக அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். அது முக்கி முனகி எழுந்திருக்கிறவரை எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு தடவை தூங்கி எழுந்தும் நினைவு தப்பாமல் இருந்தால்தான் குணமானதாக அர்த்தம் என்றாள். எழுந்தது. எதுவும் கேட்கவில்லை. எல்லா இடத்திலும் நம்பர் வந்தது.

வேன்காரரும் நாங்களும் சேர்ந்து கோட்டுகளை ஏற்றினோம். வேன் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் முதலாளியின் மேஜை முன் போய் நின்றாள். நான் துணி அடுக்குகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். அவர் கட்டளையால் வந்த வினை என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், எல்லாப் பழியும் அவர் தலையில் போயிருக்கும். சொல்லவில்லை. புதுப்பித்த மறுநாள் காலையில் கூடம் திறக்கும்போது தான் இங்கே இருந்திருக்க வேண்டும், பாதி வேலையில் போனது தன் தவறு என்று நேராக ஒப்புக்கொண்டாள். இனிமேல் திரை ஏதாவது கேட்டால், அமுக்குவதற்கு முன்னால் தனக்கு போன் செய்யச் சொல்லுங்கள் என்றாள்.

முதலாளி மேஜைமேல் இருந்த நூல்கண்டைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். காலையில் சொன்னதை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று அவருக்கே தெரியவில்லை போல. கடைசியில், சரி, இனி இந்தப் புதுப்பிக்கிற வேலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள், அன்றைக்குக் கூடம் மூடியிருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை, அதற்கு ஒத்துக்கொண்டால் நீயே தொடர்ந்து பார் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. தலையை ஆட்டிவிடு தாயே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"ஞாயித்துக்கிழமை வேணாம் சார்" என்றாள் அவள். "மூடியிருக்கிற கூடத்துல எல்லாமே ஓடற மாதிரிதான் தெரியும். ஆளுங்க வந்து அவங்கவங்க வேலையத் தொட்டாத்தான் எது நிக்குதுன்னு தெரியும். துணி குறைவா வர்ற நாளாப் பாத்துச் சொல்லுங்க. சாயங்காலம் மாத்திட்டு, மறுநாள் காலையில நம்பர் அக்காவுக்கு முன்னாடி நான் வந்து நிப்பேன்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நம்பர் அக்காவைக் கூப்பிட்டு, எந்த நாளில் துணி குறைவாக வருகிறது என்று கேட்டார். புதன்கிழமை என்றார் அக்கா.

"அப்ப புதன்கிழமையே வாம்மா" என்றார் முதலாளி.

சரிங்க சார் என்று சொல்லிவிட்டு நிதானம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.