லொறிக் கதை பேசியபடி எடுத்த திருப்பம்

என் மனைவி காலமான இரண்டாம் மாதம், அவருடைய தம்பியை ஏற்றிக்கொண்டு கனடாவில் ஸ்கார்பரோவிலிருந்து மார்க்கம் நகரிலுள்ள தமிழ்க் கடைக்குச் சென்றேன். அவர்களின் தந்தை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெங்காயம் ஏற்றும் லொறிக் கம்பனி நடத்தியவர். இங்கிலாந்தில் செய்த பெட்போட் லொறிகள் அவரிடம் இருந்தன. மனைவியைப் பற்றிப் பேச எங்கள் இருவராலும் இயலவில்லை. ஆதலால் லொறிகளைப் பற்றிப் பேசினோம்.

சாமான்களுடன் புறப்படும்போதும் பேச்சு ஓயவில்லை.

“அந்த லொறியில கியர் மாத்த இரண்டுதரம் கிளச் மிதிக்க வேணும்,” என்றேன்.

“நீங்கள் எப்ப அத்தான் ஓடினனீங்கள்? பக்கத்து சீற்றில நித்திரையெல்லோ கொண்டனீங்கள்!” என்று மைத்துனர் சிரித்தார்.

“ஒருக்கா கொழும்பு றோட்டில முறிகண்டி வரைக்கும் ஓடினனான்,” என்று வாதிட்டவாறே வீதிக்குத் திரும்பி, ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கத்தையே பிடித்தேன். நேர் எதிரே பெரிய ட்ரக் ஒன்று வந்தது.

“ஐயோ அத்தான், வலப்பக்கம்!”

அந்தச் சாரதி ஹோர்ன் அடித்து பிரேக் போட்டதால் தப்பினோம். காரை ஓரங்கட்டினேன்.

“அக்கா இருந்திருந்தா முதலே சொல்லியிருப்பா,” என்றார் மைத்துனர், மெதுவாக.

உண்மைதான். கனடாவில் நான் கார் ஓட்டிய இந்தப் பத்தாண்டுகளும், ஒவ்வொரு திருப்பத்திலும் “வலம்” என்று நினைவூட்டியவர் என் மனைவியே.

இப்போது பழங்கதை தொடங்கினால், காரைத் தரிப்பிடம் ஒன்றில் நிறுத்தி, எஞ்சினை அணைத்த பின்பே பேசுகிறேன். வீடு சேரப் பிந்துகிறது. ஏன் பிந்தியது என்று கேட்க அங்கு ஒருவரும் இல்லை.