குழம்பை ஊற்றும் முன்பு

"செத்த கோழிய அறுத்துப் பாக்கவா உன்ன காலேஜ் அனுப்புனோம்?" என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அன்று காலை எங்கள் கோழிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வெள்ளைக் கழிச்சல் நோய் என்றார் அப்பா. நான் நம்பாமல், செத்த ஒன்றைப் பையில் கட்டிக் கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் அறுத்தார். தீனிப்பை நிறைய சிவப்புச் சாயமேறிய மக்காச்சோளம். விதைத்து மிஞ்சியதை வாசலில் வைத்திருந்தோம்.

"மருந்து கலந்த விதைம்மா. மீதி கோழிங்கள சாப்ட்டுடாதீங்க."

உடனே வீட்டுக்கு போன் போட்டேன். நான் கிளம்பும்போதே, தள்ளாடிய சேவலைக் குழம்புக்காக அப்பா அறுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை அழைத்தபோதுதான் அம்மா போனை எடுத்தாள்.

"தம்பிக்கு சோறு போட்டுக்கினு இருக்கேன், இன்னாடி?"

"கொழம்ப ஊத்தாதம்மா! அது வெஷம்!"

ஊற்றாத குழம்பைச் சட்டியோடு புதைத்தோம். மீதி விதையை டிரம்மில் பூட்டிவிட்டேன். இன்று பக்கத்து வீட்டுக் கோழி செத்ததும், அம்மாவே அதைப் பையில் கட்டிக் கொடுத்தாள். பஸ் ஏறிவிட்டேன்.