பேந்து அண்ணாவின் கராஜ்

1. இடம் இல்லை

நவம்பர் முதல் கிழமை என்றால் எங்கள் தொழிலில் மூச்சுவிட நேரம் இருக்காது. மொன்றியல் நகரின் டோர்வலில், விமான நிலையத்துக்குப் பின்னால், ஒரு சின்னக் கராஜில் இருபத்தாறு வருடம் மோட்டார் சைக்கிள் திருத்தினேன். கோடையில் திருத்த வேலை. குளிர்காலத்தில் அதே இடத்தில் மற்றவர்களின் மோட்டார் சைக்கிள்களைப் பாதுகாத்து வைத்திருக்கிற வேலை.

மொன்றியலில் வருடத்தில் ஐந்து மாதம் மோட்டார் சைக்கிளைத் தொட முடியாது. தெருவில் விட்டால் பனி வாருகிற இயந்திரம் இடிக்கும், வீதிக்குப் போடுகிற உப்பு இரும்பைத் தின்னும். டவுன்டவுனில் அடுக்குமாடிக்குக் கீழே விடலாம் என்றால் வாடகையைக் கேட்டதும் தலை சுற்றும். ஆகவே பனி கொட்டப்போகிறது என்று வானொலியில் சொன்ன அன்றுதான் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். அதுவரை நான் செத்தேனா இருக்கிறேனா என்று ஒருத்தரும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்த வருடம் கராஜில் இருபத்திரண்டு நின்றன. ஒன்றின் ஹாண்டில் மற்றதன் கண்ணாடியில் இடிக்காமல் அடுக்கி முடிக்க ரவிக்கும் எனக்கும் இரண்டு நாள் பிடித்தது. ரவி என்னோடு பதினைந்து வருடம் நின்ற மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அப்போதுதான் மலர்விழி வந்தாள். முப்பது வயதிருக்கும். மதுரைப் பிள்ளை, டவுன்டவுனில் ஒரு கம்பியூட்டர் கம்பனியில் வேலை. நெடுஞ்சாலைக் குளிர்காற்றில் வந்ததால் ஹெல்மெட்டைக் கழற்றியபோது மூக்குச் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வண்டி வைக்க இடம் இருக்குமா? ஏப்ரல் வரைக்கும்."

யாழ்ப்பாணத்தாருக்கு வண்டி என்றால் தொப்பை. ரவி என் வயிற்றை ஒருமுறை பார்த்தான்.

"அண்ணை உள்ள வண்டியையே வச்சுச் சமாளிக்கேலாமல் நிக்கிறார்" என்றான்.

அவளுக்கு அது விளங்கவில்லை. கம்பிரசர் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. நான் ரயரில் இருந்து தலையை எடுக்காமலே கத்தினேன்.

"இங்க இடமில்லைப் பிள்ளை. பேந்து பாப்பம்!"

பேந்து என்றால் பிறகு. ஆனால் எங்கள் ஆட்கள் "பேந்து பாப்பம்" என்று சொன்னால் அது பெரும்பாலும் மரியாதையாகச் சொல்கிற "இல்லை". கேட்டவர் விளங்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்பார். இந்தப் பிள்ளையோ முகமெல்லாம் சிரிப்பாக, "ரொம்ப தேங்க்ஸ்ண்ணா!" என்று சொல்லிவிட்டுப் போனாள். இடமில்லை என்றதற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட ஆளை நான் அதற்கு முன் கண்டதில்லை.

2. பேந்து அண்ணா

ஐந்து நாள் கழித்து முதல் பனி விழுந்தது. ஈரப்பனி, வீதியெல்லாம் சேறு. பதினொரு மணிபோல் மலர்விழி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தாள். கடைசிச் சந்தியில் வழுக்கப் பார்த்ததால் இறங்கித் தள்ளினாளாம். காற்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"பேந்து அண்ணா இருக்காரா?"

"ஆர்?" என்றான் ரவி.

"பேந்து அண்ணா. அன்னைக்கு இவர்தான சொன்னாரு, இங்க இடமில்ல, பேந்து பாப்பாப்லன்னு."

ரவி கையில் இருந்த ரயரோடு நிலத்தில் குந்திவிட்டான். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்துவிட்டது. நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. பிறகு, பேந்து என்பது ஆளின் பெயர் இல்லை, "பார்ப்போம்" என்றதைத்தான் "பார்ப்பார்" என்று கேட்டிருக்கிறாய் என்று அவளுக்குச் சொல்லைப் பிரித்து விளங்கப்படுத்தினேன். முதலில் அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது முகம் மாறியது.

"அப்ப... இடம் இல்லையாண்ணா? முந்தாநேத்து லசால் ஏரியால ஒருத்தர் கூப்பிட்டு, ஒரு இடம் காலியா இருக்குன்னாரு. பேந்து அண்ணா பாத்துக்குவாருன்னு வேணாம்னு சொல்லிட்டேனே. அப்ப வேற ஆளுக்குக் குடுத்துடுறேன்னுட்டாரு."

என் சிரிப்பு நின்றது. என் வாயில் வந்த ஒரு சொல்லை நம்பி இந்தப் பிள்ளை கையில் இருந்த இடத்தை விட்டிருக்கிறாள்.

"இதை இந்த வருசம் வித்திட்டு, வசந்தத்தில வேற ஒண்டு வாங்கலாமே பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லண்ணா. இதுதான் வேணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "மதுரைல எப்பவும் கார்த்திக்தான் ஓட்டுவான், நான் பின்னாடி. என் வீட்டுக்காரர். கெளம்புறப்ப அவன்கிட்ட சொன்னேன், நீ வந்து எறங்குற அன்னைக்கு நான் ஓட்டுறேன், நீ பின்னாடி உக்காருன்னு. ரெண்டு தடவ டெஸ்ட்ல ஃபெயிலாகித்தான் லைசென்ஸ் வாங்கினேன். அவனுக்குப் புடிச்ச கலர்னு தேடி இத வாங்கினேன். இன்னும் விசா வரல. அவன் வர்ற வரைக்கும் இது நல்லா இருக்கணும்."

நான் ரவியைப் பார்த்தேன். அவன் எழும்பி, தும்புத்தடியை எடுத்து, கூட்டத் தேவையில்லாத ஒரு மூலையைக் கூட்டினான்.

"விட்டிட்டுப் போ பிள்ளை. பேந்து அண்ணை பாப்பார்" என்றேன்.

3. பரமேசின் கார்

கராஜில் ஒரு சைக்கிள் வைக்கவும் இடமில்லை. மிச்சம் இருந்தது டொலார்டில் என் வீட்டுக் கராஜ். அங்கே என் மனைவி பரமேஸ் தன் காரை விடுவாள். அவளுக்கு ஒரு கார்டெரியில், குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிற வேலை, விடிய ஆறரைக்கு வெளிக்கிட வேண்டும். ரவியின் சாமான் ஏற்றுகிற வானில் மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் இறக்கினேன்.

"இஞ்சாருங்கோ, ஆற்ற மோட்டச்சைக்கிள் இது? உங்களுக்கென்ன விசரே? என்ர காரை எங்க, வெளியில கொட்டுற சினோவுக்கையோ விடுறது?"

நடந்ததைச் சொன்னேன். பேந்து அண்ணாக் கதைக்கு அவள் சிரிக்கவில்லை.

"எத்தினை மாசமாம்?" என்று கேட்டாள்.

"என்ன?"

"புருசனை விட்டிட்டு வந்து."

"ஒண்டரை வருசமாம்."

பரமேஸ் உள்ளே போய்க் கார்த் திறப்பை எடுத்துவந்தாள். நான் இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளைக் கூப்பிட எனக்கு நாலு வருடம் எடுத்தது. அந்த நாலு வருடத்தைப் பற்றி அவள் என்னோடு அதிகம் கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அன்று காரைப் பின்னால் எடுத்து வெளியே விட்டுவிட்டு வந்து சொன்னாள்:

"நிக்கட்டும். ஆனால் காலமை ஐஸ் சுரண்டுறது நீங்கள்தான்."

அந்தக் குளிர்காலம் முழுவதும் விடிய எழும்பிக் கார்க் கண்ணாடி சுரண்டினேன். பரமேசைக் கேட்டால் பாதி நாள் தானே சுரண்டியதாகச் சொல்வாள். அதை நம்பாதீர்கள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு வேலையையும் சொல்லிவிடுகிறேன். வைக்க முதல் எஞ்சின் ஒயில் மாற்ற வேண்டும். பெற்றோல் டாங்கியை வாய் முட்ட நிரப்பி, பெற்றோல் கெடாமல் இருக்க விடுகிற மருந்தை அளவாக விட வேண்டும். பற்றறியைக் கழற்றிச் சூடான இடத்தில் சின்னச் சார்ஜரில் போட வேண்டும். ரயருக்குக் கீழே பலகை. சைலன்சர் ஓட்டைக்குள் எண்ணெய்த் துணியை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் எலி கூடு கட்டும். எல்லாவற்றிலும் முக்கியம்: இடையில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் எஞ்சின் முழுச்சூடு ஏறாது, உள்ளே ஈரம் படிந்து ஒயிலைக் கெடுக்கும். ஜனவரியில் ஆட்கள் ரெலிபோன் எடுத்து, "ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிச் சத்தத்தைக் கேக்க விடுங்கோ" என்று கெஞ்சுவார்கள். நான் நல்லா ஏசித்தான் ரெலிபோனை வைப்பேன்.

4. பெப்ரவரி

பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர்விழி பஸ் ஏறி வீட்டுக்கே வந்தாள். கார்த்திக்கின் விசாவை மறுத்துவிட்டார்கள். கதிரையில் இருந்துகொண்டு, சப்பாத்தில் இருந்து உருகி ஓடுகிற பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய யாருக்காவது குடுத்துடுங்கண்ணா. அத நெனச்சாலே அழுகையா வருது."

பரமேஸ் அவளுக்கு முன்னால் புட்டும் மீன் குழம்பும் வைத்தாள். பக்கத்தில் இருந்துகொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்:

"நாலு வருசம் நான் அங்க இருந்தனான் பிள்ளை. இவர் கூப்பிடுவார் எண்டு வாங்கின பெட்டியை மூண்டு தரம் விக்கப் பாத்தனான். விக்கேல்லை. வித்திருந்தா நான் வந்திருக்க மாட்டன் எண்டில்லை. ஆனால் அந்தப் பெட்டி கட்டிலுக்குக் கீழ கிடந்தபடியாத்தான் எனக்கு நித்திரை வந்தது."

அந்தப் பெட்டிக் கதை எனக்கே அன்றுதான் தெரியும். மலர்விழி அழுதாள். அழட்டும் என்று விட்டோம்.

"விக்கிறதைப் பற்றிப் பேந்து கதைப்பம்" என்றேன்.

"இது எந்த பேந்துண்ணா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"இது மெய்யான பேந்து பிள்ளை."

அவள் சாப்பிடத் தொடங்கினாள்.

5. இருபத்தைந்து அடி

வசந்தம் வந்தது. அவள் மோட்டார் சைக்கிளில் தனியாக ஓடித் திரிந்தாள். விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தார்கள். நவம்பரில் மோட்டார் சைக்கிள் திரும்பவும் என் வீட்டுக்கு வந்தது, பரமேசின் கார் திரும்பவும் வெளியே போனது. ஜனவரி நடுவில் ரெலிபோன் வந்தது.

"பேந்து அண்ணா! விசா வந்துருச்சு! சனிக்கிழம மத்தியானம் எறங்குறான்!"

நான் ரவிக்கும் கேட்கட்டும் என்று பெரிதாகக் கத்தினேன். பிறகு அவள் குரல் இறங்கியது.

"வண்டிய ஓட்ட முடியாதுல்லண்ணா?"

"மைனஸ் இருபத்திரண்டு பிள்ளை. ரோட்டெல்லாம் ஐஸ்."

"தெரியும். சும்மாதான் கேட்டேன்."

அந்தச் "சும்மாதான்" எனக்குப் பொறுக்கவில்லை. அவனை விமான நிலையத்தில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவரச் சொன்னேன். சனிக்கிழமை விடிய எழும்பி, வீட்டுக் கராஜ் வாசலில் இருந்து தெரு விளிம்பு வரை தார் தெரியும்வரை பனியை வெட்டினேன். இருபத்தைந்து அடி இருக்கும். உப்புப் போடாமல் மணல் தூவினேன். பற்றறியைப் பூட்டினேன், துடைத்தேன், காற்றுப் பார்த்தேன். பரமேஸ் ஜன்னலால் பார்த்துவிட்டு, "என்ர காருக்கு ஒருநாளும் இப்பிடி வெட்டினதில்லை" என்றாள்.

இரண்டு மணிக்கு டாக்சியில் வந்து இறங்கினார்கள். கார்த்திக் ஒல்லியான ஆள். மலர்விழி கொண்டுபோன தடித்த கோட்டுக்குள் முக்கால்வாசி மறைந்திருந்தான். கராஜ் கதவு மேலே போனதும் மோட்டார் சைக்கிளைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான். மலர்விழி முன்சீட்டில் ஏறி இருந்தாள்.

"ஏறுடா. சொன்னேன்ல."

அவன் பின்னால் ஏறினான். அவள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினாள். எஞ்சின் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினாள், மறுபடி நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து பற்றறி வயரை அசைத்துப் பார்த்தேன். இந்த ஒரு நாளுக்காகத்தானே இரண்டு குளிர்காலம் வைத்திருந்தேன்!

வீட்டுக்குள் போகிற குசினிக் கதவடியில் இருந்து பரமேசின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ, உந்தத் துணியை எடுத்தனீங்களோ?"

சைலன்சர் துணி! ஓடிப்போய் இழுத்தேன். ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற மனுசன், அவசரத்தில் அதை மறந்துவிட்டேன். மூன்றாம் தரம் எஞ்சின் பிடித்தது. சத்தம் கராஜ் முழுக்க நிறைந்தது.

மலர்விழி முதல் கியரில், இரண்டு காலும் நிலத்தில் உரச, மெல்ல வெளியே எடுத்தாள். விழுந்தால் பிடிக்க நான் பக்கத்திலேயே நடந்தேன். கார்த்திக் அவள் முதுகில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். தெரு விளிம்பில் நிறுத்தி, "வந்துட்டோம், எறங்கு" என்றாள். இருவரும் இறங்கவில்லை. நான் அந்தப் பக்கம் பாராமல் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன்.

பிறகு கார்த்திக் வந்து என் இரண்டு கையையும் பிடித்தான்.

"பேந்து அண்ணா, உங்களப் பத்தி தெனமும் சொல்லுவா. ரொம்ப நன்றிண்ணா."

அது என் பெயர் இல்லை என்று மலர்விழி அவனுக்குச் சொல்லவே இல்லை. என் பெயர் சிவபாலன் என்று சொல்ல வாயெடுத்தேன். பரமேஸ் முந்திவிட்டாள்.

"ஓம் தம்பி, இவர்தான் பேந்து அண்ணை. உள்ள வாங்கோ, குளிருது."

இடையில் ஸ்டார்ட் பண்ணிய மோட்டார் சைக்கிள் அல்லவா, வசந்தத்தில் ஒயிலை மறுபடி மாற்றினேன். முணுமுணுக்காமல் மாற்றினேன். இப்போது கராஜை ரவி நடத்துகிறான், நான் ஓய்வு. அவனுக்கு நான் சொல்லிவிட்டு வந்தது ஒன்றுதான்: இடம் இல்லை என்றால் இல்லை என்று சொல்லு. பேந்து என்று சொன்னால், செய்.