ஸ்பூன் அக்காவும் நிதானமும்

வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். என்னிடம் முப்பத்தோரு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் அவளுக்குச் செய்ததை விட்டுவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது என்பது இரண்டு வரி எழுதிக் கிழித்த பிறகுதான் தெரிந்தது. அதனால் என் லட்சணமும் இதில் வரும்.

அவளை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவோம். டீ வாங்கி வரச் சொன்னால் ஆறிப்போய்த்தான் வரும். பேச்சும் அப்படித்தான். நாம் கேட்ட கேள்வி நமக்கே மறந்துபோன பிறகு பதில் சொல்வாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பக்கவாத வார்டில் பதினொரு வருடம் தரை துடைத்தவள். தரை துடைப்பவளை அங்கே யாரும் கவனிப்பதில்லை. அவள் எல்லோரையும் கவனித்தாள். எந்தக் கட்டில் எத்தனை நாளில் காலியாகும் என்று அவள் முன்கூட்டியே சொல்லிவிடுவாளாம். நர்சுகளுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் பயம்.

கட்டில் காலியாவதற்கு அவள் கண்டுபிடித்து வைத்திருந்த காரணம் தண்ணீர். பக்கவாதம் வந்த சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி போய்விடும். வெறும் தண்ணீரைக் கொடுத்தால் வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்குள் போகும். புரையேறினால்கூடத் தெரிந்துவிடும். இவர்களுக்குப் பல நேரம் புரையே ஏறாது. குடித்தவர் சிரித்துக்கொண்டே இருப்பார், மூன்றாம் நாள் காய்ச்சல் வரும், அப்புறம் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்காக டாக்டர்கள் ஒரு வெள்ளைப் பவுடர் எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கலந்தால் தண்ணீர் பாகு போலக் கெட்டியாகி மெதுவாக இறங்கும்.

நிதானம் வேலை செய்யும் விதத்தை நான் நேரிலே பார்த்திருக்கிறேன். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைப்பாள். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்வாள். அரை ஸ்பூன் கொடுப்பாள். விழுங்கியதும் ஒரு வார்த்தை பேசச் சொல்வாள். குரல் தெளிவாக வந்தால் அடுத்த ஸ்பூன். வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல் குரல் நனைந்து வந்தால் நிறுத்திவிடுவாள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகும். முகத்தில் சலிப்பே இருக்காது.

அவளை நான் அனுப்பியிருந்தது ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரின் வீட்டுக்கு. முதல் மாடி. அவருக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகன் கூரியர் கிடங்கில் வேலை, காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். மருமகள் முன்னறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு போன் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். மாமனார் மேல் பாசமான பெண் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் நாளே நிதானம் அவரிடம், "ஐயா, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அவர் கோணிய வாயால் "ரைட்" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஸ்பூனுக்கும் ஒரு ரைட். ஏழு மாதம் ஒரு காய்ச்சல் கிடையாது.

அப்புறம் அந்தக் கொரியத் தொடர் வந்தது.

தமிழில் பேச வைத்துப் போனில் விட்டார்கள். கதாநாயகன் முகம் இப்போது எனக்கு ஞாபகமில்லை. ஒரு பணக்காரக் கிழவர் படுத்த படுக்கையாக இருப்பார். அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வருவாள். சின்ன வேடம்தான். சாம்பல் நிறக் கோட்டு, படிய வாரிய தலை, ஒரு தடவைகூட உயராத குரல். டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்து அவர் தண்ணீரில் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுவாள். ஒவ்வொரு ஸ்பூனுக்கும், "நன்றி சொல்லுங்க ஐயா" என்பாள். அவர் சொன்னால்தான் அடுத்தது. எதற்காக இப்படி விஷம் வைத்துக் கொல்கிறாள் என்று கடைசி வரை சொல்லாமல் இழுத்தடித்தார்கள். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஸ்பூன் அக்கா என்று பேர் வைத்தார்கள்.

கதாநாயகியின் கல்யாணத்தைச் சீந்த ஆளில்லை. ஸ்பூன் அக்கா கிளாசைக் கலக்கினால் ஊரே பேசும். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று உருகினார்கள். அதே வாயால் அவளைக் கொல்லச் சொல்லியும் எழுதினார்கள். ஆபீசில் பைல் நீட்டுகிறவன் "நன்றி சொல்லுங்க ஐயா" என்றான். காய்கறிக்காரர் கறிவேப்பிலை கொசுறு போடும்போது அதையே சொன்னார். நான் மட்டும் என்ன யோக்கியம், அந்தக் குரலை என் போனுக்கு ரிங்டோனாக வைத்திருந்தேன். தொழிலுக்கு ஏற்ற ரிங்டோன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு வாரம்தான் சிரிப்பு. பிறகு வந்த போன்கள் வேறு மாதிரி இருந்தன. "மெதுவா பேசுறவங்கள அனுப்பாதீங்க மேடம், எங்கம்மா பயப்படுறாங்க" என்றது ஒரு வீடு. இன்னொரு வீட்டில் என் பெண்ணை ஒவ்வொரு ஸ்பூனையும் முதலில் தன் வாயில் வைத்துக் காட்டச் சொன்னார்கள். எட்டு வீடுகளில் கேமரா மாட்டினார்கள். நான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டவளைக் கண்டு ஒரு பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்க மறுத்தார். அன்றைக்கே பெண்களைக் கூட்டி, சத்தமாகப் பேசுங்கள், பளிச்சென்று உடுத்துங்கள், பாட்டுப் பாடினாலும் தப்பில்லை என்றேன். நிதானம் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாள் கழித்து போன் செய்து, "அக்கா, எனக்குப் பாட வராது" என்றாள்.

ஒரு நாள் மத்தியானம் கண்டக்டரின் மருமகள் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறாள். டப்பா, பொடி, ஸ்பூன், தணிந்த குரலில் "சொல்லுங்க ஐயா", அவர் சொல்லும் வார்த்தை. ஏழு மாதமாகப் பார்த்த காட்சிதான். அன்றைக்குப் புதிதாகப் பார்த்துவிட்டாள். உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், அந்தப் பவுடர் நிஜமாவே டாக்டர் குடுத்ததுதானா?"

"டிஸ்சார்ஜ் சீட்டுல எழுதியிருக்குமேம்மா."

"சீட்டுல இருக்கு. டப்பாவுக்குள்ள இருக்கிறது அதுதான்னு யாருக்குத் தெரியும்? மாமா இளைச்சுக்கிட்டே போறார். தண்ணி தண்ணின்னு கெஞ்சுறார், அந்தம்மா அரை ஸ்பூன்தான் குடுக்குது."

நான் சமாதானமாக ஏதோ சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோன்றியது, வேலையும் இருந்தது.

மறுநாள் அந்த டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அங்கேதான் நிதானம் அவள் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தாள். சண்டை போடவில்லை, என்னிடம் வந்து அழவில்லை. மருந்துக் கடையில் புது டப்பா வாங்கித் தன் பைக்குள் துணிக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள். சமையலறையில் புதிதாக மாட்டியிருந்த கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கலந்தாள். அவருக்குத் தாகம் எடுக்குமே என்பதுதான் அவள் நினைப்பு. இரண்டாம் நாளே பையைச் சோதித்துவிட்டார்கள்.

கேமராப் படத்தை மருமகள் எனக்கு அனுப்பினாள். அந்தத் தொடரின் ரசிகர்கள் சேர்ந்து வைத்திருந்த குழுவிலும் போட்டாள். இடப்பக்கம் ஸ்பூன் அக்கா, வலப்பக்கம் நிதானம், இரண்டு முதுகும் ஒரே மாதிரி குனிந்திருந்தன. சாயங்காலத்துக்குள் எனக்கே மூன்று பேர் அதை அனுப்பி, நிஜ ஸ்பூன் அக்கா பிடிபட்டாள், பார்த்தாயா என்று கேட்டார்கள்.

நிதானத்தைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து அங்கே போக வேண்டாம் என்றேன். வழக்கம் போல் பதில் வரத் தாமதமாயிற்று.

"சரிக்கா. என்னை என்ன வேணா சொல்லிக்கட்டும். தண்ணிய மட்டும் வெறும் தண்ணியா குடுக்க வேண்டாம்னு சொல்லிடுங்க."

சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சாட்ட முடியாது. வேறு ஆள் அனுப்புகிற பேச்சுக்கு நடுவில் ஒரு வாக்கியமாகச் சொன்னேன். மருமகள், "இதையேதான் மேடம் அவளும் சொல்வா, பதினேழாம் எபிசோடுல. நான் இல்லன்னா இவர் செத்துடுவார்னு" என்றாள். நான் பேச்சை மாற்றினேன். புதிதாக அனுப்பிய பெண் கலகலப்பானவள், மஞ்சள் உடுப்பு, வாய் ஓயாது. அவளும் பவுடர் பற்றிக் கேட்டாள். வீட்டுக்காரர்கள் சொல்கிறபடி செய் என்றேன்.

அவள் போன முதல் நாள் மாலையே ஒரு போட்டோ வந்தது. கண்டக்டர் டம்ளரைத் தன் இடது கையாலேயே பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். கீழே மருமகள் எழுதியிருந்தாள்: ஏழு மாசத்துல முதல் தடவையா ஒரு டம்ளர் தண்ணி முழுசா குடிச்சார் மேடம், ரொம்ப நன்றி. படத்தைப் பெரிதாக்கி டம்ளரைப் பார்த்தேன், வெறும் தண்ணீர்தான். பதிலுக்கு ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினேன்.

நிதானம் அந்த வீட்டுக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறாள். எண்ணைத் தடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் பிற்பகல் என் போன் "நன்றி சொல்லுங்க ஐயா" என்றது. எடுத்தால் மருமகள், "மேடம், அவ கீழ நிக்கிறா. ஜெராக்ஸ் கடை பக்கத்துல. ரெண்டு மணி நேரமா எங்க ஜன்னலையே பாக்குறா. ஸ்பூன் அக்காவும் இப்படித்தான் வந்து நிப்பா" என்றாள். அந்தப் பெண் உண்மையிலேயே பயந்திருந்தாள். அதை நான் குறைத்துச் சொல்லக் கூடாது.

நிதானத்தைக் கூப்பிட்டேன்.

"அங்க என்ன பண்ற?"

"ஜன்னல் திறந்திருக்கு, இருமல் கேக்குதுக்கா. நேத்து வறட்டு இருமலா இருந்தது. இன்னைக்கு ஈரமா இருக்கு."

"நேத்தும் வந்தியா? கிளம்பு முதல்ல. போலீசைக் கூப்பிடப் போறாங்க."

"கூப்பிடட்டும்க்கா. வந்தா அவங்ககிட்டயாவது சொல்றேன்."

அவளை எதைச் சொன்னால் அசைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக ஆள் வைத்து வேலை வாங்குகிறவள் நான். "நீ அங்க நின்னா மத்த முப்பது பேருக்கும் நாளைக்கு வேலை இருக்காது. அவங்க வீட்டுல அடுப்பு எரியாது. பாத்துக்க" என்றேன். "சரிக்கா" என்றாள். போய்விட்டாள்.

அன்று இரவே காய்ச்சல். ஆறாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் கண்டக்டர் போய்விட்டார். டாக்டர் நுரையீரல் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி, தண்ணீர் யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டாராம். நான் போனபோது மருமகள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலிருந்து ஓடி வந்தவள் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றவே மறந்திருந்தாள்.

"ஆசையா கேட்டார் மேடம். நான்தான் ஊத்திக் குடுத்தேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஏன் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லல?" என்று கேட்டாள். அதற்குள் யாரோ அவளைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அவள் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாள். ஆனால் எடுத்து என்ன, அது கை மாறிப் போய் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர் இறந்த சேதி எப்படியோ அதோடு ஒட்டிக்கொண்டது. ஸ்பூன் அக்கா ஊட்டியவர் செத்தார் என்று தலைப்புப் போட்டு அனுப்பினார்கள். டாக்டர் சொன்னதை யாரும் அனுப்பவில்லை. தொடரே முடிந்துவிட்டது. நிதானத்துக்கு மட்டும் முடியவில்லை. அவள் தெருவிலேயே கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஆறு வீட்டுக்கு அவளை அனுப்பப் பார்த்தேன். போட்டோவைக் கண்டதும் ஆறு வீடும் வேண்டாம் என்றன.

திங்கட்கிழமை ஆபீசுக்கு வந்தாள். வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளும் அதைக் கேட்கவில்லை. எதிரில் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. நீங்களும் நம்புனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னை மன்னித்திருப்பாள். ஊரே நம்பியது, இவளும் நம்பினாள் என்று விட்டிருப்பாள். அவள் அந்த ஆமாமுக்காகவே காத்திருப்பது போலத் தெரிந்தது. ஏனோ அன்றைக்கு மட்டும் என் வாயில் உண்மை வந்தது.

"இல்ல. ஒரு நாள்கூட நம்பல."

"அப்புறம் ஏன்க்கா?"

"பேரு கெட்டுடும்னு பயந்துட்டேன்."

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். அவள் குரல் அப்போதும் உயரவில்லை.

"யாரு பேரு, அக்கா?" என்று கேட்டாள்.