கிர்ஜாலியில் தெரிந்தது, எடிர்னேயில் தெரியவில்லை

ரெஃபியேவுக்கு ஐம்பத்தேழு வயது. அதில் இருபத்தாறு வருடங்கள், துருக்கியின் எல்லை ஊரான எடிர்னேயில் படுக்கையில் கிடந்தவர்களைப் புரட்டிப் படுக்க வைத்தே கழிந்தன. இரண்டு மணிக்கொருமுறை புரட்டாவிட்டால் குதிகாலிலும் இடுப்பிலும் தோல் கறுத்துப் புண்ணாகிவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும் என்பாள்.

செல்விலி முதியோர் இல்லத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, புரட்டிய நேரம் குறிக்கும் தாளை எடுத்துப் பார்த்தாள். வரப்போகிற ஞாயிறு வரைக்கும் அத்தனை கட்டங்களும் ஒரே பேனாவில் நிரம்பியிருந்தன. அந்தத் தாளைப் படம் பிடித்தாள். புண்ணான ஒரு குதிகாலையும் பிடித்தாள். மேலாளரிடம் காட்டினாள். மறுநாள் வேலை போயிற்று.

அரசு அலுவலகத்தில் புகார் கொடுத்தபோது, "குடும்பத்துக்காரங்க வந்து சொன்னாத்தான் கோப்பு நகரும். நீங்க வேலை போன ஆத்திரத்துல சொல்றதாத்தான் எடுத்துக்குவாங்க" என்றார் எழுத்தர். அதனால் இரண்டு படங்களையும் இணையத்தில் தன் பக்கத்தில் போட்டாள். குதிகாலுக்கு உரியவளின் மகள் நுர்ஹயாத், தையல்காரி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டாள். மாலைக்குள் பதினைந்து குடும்பங்கள் கீழே எழுதின. இல்லத்துக்கு அரசு ஆய்வு வரும் நாளன்று வந்து சொல்கிறோம் என்றார்கள்.

நான்காம் நாளிலிருந்து யாரும் எழுதவில்லை. தினமும் காலைத் தேநீரோடு திறந்து பார்த்தாள். படங்கள் அப்படியே இருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் பல்கேரியாவில், கிர்ஜாலியில் இருக்கும் அக்கா செவ்தியே கீழே போட்ட பூங்கொத்துப் படம்தான் கடைசி. நுர்ஹயாத் போனை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் புதன்கிழமை ஆய்வு நடந்தது. ஒருவரும் வரவில்லை. இவர்கள் அம்மாக்களுக்கா நான் பீ துடைத்தேன் என்று ரெஃபியே சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமைச் சந்தையில், ஊறுகாய்க்கு முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நுர்ஹயாத் வந்து நின்றாள்.

"என்னக்கா, என்னத்தக் குடுத்து உன் வாய அடைச்சாங்க?"

"எனக்கா? வரேன்னு சொல்லிட்டு ஒளிஞ்சது நீதானடி."

"எங்கம்மா கால ஊருக்கே காட்டிட்டு, நாலே நாள்ல அழிச்சது யாரு?"

"கண்ணத் தொறந்து பாரு." ரெஃபியே போனை நீட்டினாள். படங்கள் இருந்தன.

நுர்ஹயாத் தன் போனை நீட்டினாள். சாம்பல் நிறக் கட்டம் ஒன்று. இந்தப் பதிவு இப்போது கிடைக்கவில்லை. பதிவிட்டவர் இதை நீக்கியிருக்கலாம், அல்லது சிலர் மட்டும் பார்க்கும்படி மாற்றியிருக்கலாம்.

"பாத்தியா? அந்தச் சிலர்ல நாங்க இல்ல."

கோஸ்காரர் தன் போனிலும் தேடினார். அதே கட்டம். "ரெண்டுக்கு ஒண்ணு. அக்கா, உன் போனுதான் பொய் சொல்லுது."

காலை பஸ்ஸில் பல்கேரியாவிலிருந்து வந்த ஒருத்தி, வாங்கிய துண்டுகளின் மூட்டையோடு கோஸுக்குக் காத்திருந்தாள். ரெஃபியே அவள் மொழியில் கேட்டாள். அவள் போனில் உடனே திறந்தது. குதிகாலைப் பார்த்து முகம் சுளித்தாள். "யாரோட அம்மா இது?"

ரெஃபியே நுர்ஹயாத்தை மோவாயால் காட்டினாள்.

அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடம் முன்பு அக்காவின் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது, அக்கா மகள்தான் பல்கேரிய எண்ணை வைத்து இவளுக்குக் கணக்குத் திறந்து கொடுத்தாள். இணைய நிறுவனத்தைப் பொறுத்தவரை ரெஃபியே கிர்ஜாலிக்காரி. திறந்தே பார்க்காத மின்னஞ்சலில் பல்கேரிய மொழியில் ஒரு கடிதம் கிடந்தது. இல்ல உரிமையாளர் பதிவை நீக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வாங்கியிருந்தார். ரெஃபியே ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சொன்னாள். கருத்துச் சுதந்திரத்தை நாங்கள் மதிக்கிறோம். ஆகவே உங்கள் பதிவை அழிக்கவில்லை. துருக்கியில் மட்டும் தெரியாதபடி செய்திருக்கிறோம்.

"பெரிய மனசுதான்" என்றார் கோஸ்காரர். "பசிச்சவன எழுப்பி விட்டுட்டு பக்கத்து ஊருக்குப் பந்தி வச்சிருக்கான்."

பதினேழு வயதில், கிர்ஜாலியில் இருந்தபோது, துருக்கிப் பெயர்கள் கூடாதென்று பல்கேரிய அரசு ரெஃபியேவின் பெயரையே மாற்றியது. அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, இனிமேல் நீ ராத்கா என்றான். அவனையாவது திருப்பி முறைக்க முடிந்தது. இவர்களோ அவள்தான் அழித்திருப்பாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, கடிதத்தில் அவளுக்கு மரியாதை செய்திருந்தார்கள்.

நுர்ஹயாத் கோஸ் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "இல்லத்துக்காரங்க நீட்டின தாள்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. நல்லா பாத்துக்கறாங்கன்னு. பதினஞ்சு குடும்பமும் போட்டுடுச்சு. நீயே வெலை போயிட்டன்னு நெனச்சோம்."

"ஆய்வுக்காரங்க அதக் காட்டித்தான் கோப்ப மூடியிருக்காங்க."

"கையெழுத்தத் திரும்ப வாங்க முடியாதா?"

"எழுதிக் குடுத்துப் பாக்கலாம். அது ஆகற வரைக்கும் குதிகால் காத்திருக்காது. அம்மாவ எப்ப பாத்த?"

"ஞாயித்துக்கிழமை. காலுறை போட்டிருந்தாங்க."

"கழட்டிப் பாத்தியா?"

நுர்ஹயாத் கிள்ளிய இலையைக் கீழே போட்டாள்.

"இப்பவே போய் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடுவோம். எப்படிப் புரட்டணும்னு காட்டித் தரேன். ரெண்டு தலையணை கூடுதலா வேணும். அழறதா இருந்தா பஸ்ஸுல அழு."

பஸ்ஸில் செவ்தியே கூப்பிட்டாள். "ஏடி, உன் படத்த இங்க நூத்திப் பத்துப் பேர் பாத்திருக்காங்க, தெரியுமா?"

"அவங்கள்ல யாரோட அம்மா செல்விலில கெடக்கறா?"

ரெஃபியே ஜன்னல் வழியே வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வைக்கறேன். ஸ்டாப் வந்துடுச்சு."

பக்கத்தில் நுர்ஹயாத், நேரில் போய்ச் சொல்வதற்காக, தையல் ரசீதின் பின்பக்கத்தில் மற்ற பதினான்கு குடும்பங்களின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதுக்கு மேல் அவளுக்கு வீடு தெரியவில்லை.