ஒரு குறுக்குக் கம்பியும் ஒரு வாளிப் பாலும்

எங்க வீட்டுக்காரரு ஞானப்பிரகாசத்துக்கு ஆடுற சாமான் எதுவும் ஆகாது. தெஹியோவிட்டப் பக்கம் எங்க தோட்டத்துல ரப்பர் பால ஷீட்டாக்குற ஸ்டோர்ல பிட்டர் வேலை. எங்க கல்யாணத்துல முழங்கால் போடுற பெஞ்சு ஆடுச்சுன்னு, பூசைக்கு நடுவுல குனிஞ்சு ஆப்பு வச்ச மனுசன். சாமியாரே ஒரு நிமிசம் நிறுத்தி வேடிக்கை பார்த்தாரு. எனக்கு வெக்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

நான் சூசையம்மா. அதே தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுறவ. தினமும் முன்னூறு மரத்துப் பட்டைய வெட்டி, சிரட்டைப் பால வாளியில ஊத்தி, வழுக்குற மேட்டுல எறங்கி ஸ்டோருக்குக் கொண்டாந்து கொடுக்கணும். பன்னெண்டு வருசமா அந்த வாளிதான் எனக்கு ரெண்டாவது புருசன். எப்படா எறக்கி வைப்போம்னு இருந்துச்சு.

தொண்ணூத்தாறுல எஹலியகொட மாணிக்க யாவாரி ஹுஸைன் முதலாளி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாரு. செவப்புக் கலர், கூரை இல்ல, ரெண்டு பேருக்குத்தான் எடம். அழகுன்னா அப்படி ஒரு அழகு. ஆனா வளைவுல திரும்புனா எடப்பக்கக் கதவு தானாத் தொறந்துக்கும், முன் கண்ணாடி கடகடன்னு ஆடும். கொழும்புல ஒரு மெக்கானிக் பாஸ் டயர மாத்துங்கன்னாராம், இன்னொரு பாஸ் எஞ்சினையே மாத்துங்கன்னாராம். மாணிக்கம் தோண்டுற கெடங்குல தண்ணி எறைக்கிற பம்ப முன்ன ஒருக்கா எங்க வீட்டுக்காரரு சரி பண்ணிக் கொடுத்ததுனால, முதலாளி கார நேரா எங்க ஸ்டோருக்கே ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு.

இவரு அடியில படுத்துப் பார்த்துட்டு எந்திரிச்சாரு. "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு முதலாளி. கூரை இல்லாததுனால பாடி முறுக்கிக்குது. பொனட்டுக்குள்ள ரெண்டு ஸ்பிரிங் தலையையும் சேத்து ஒரு குறுக்குக் கம்பி, அடியில சேசிக்கு ரெண்டு தகடு. அது போதும்."

"இத்துனூண்டு கம்பியா இவ்வளவு பெரிய காரப் புடிச்சு நிறுத்தப் போகுது?" முதலாளிக்கு நம்பிக்கை இல்ல. "சரி ஞானம், செஞ்சு பாரு. வித்தியாசம் தெரிஞ்சா, எஹலியகொட ரோட்டோரத்துல என் கராஜ் பூட்டிக் கெடக்கு, பின்னால ரெண்டு அறையோட. நீயே எடுத்து நடத்து. தெரியலைன்னா கம்பியக் கழட்டிட்டுப் பேச்ச விட்டுரணும்."

ரெண்டு அறையாம். தோட்டத்து லயத்து வீட்டுல எங்களுக்கு ஒத்த அறைதான்.

வித்தியாசத்த எப்படிக் கண்டுபுடிக்கிறது? ஒக்காந்து போனா ஒடம்புக்கே தெரியும்னாரு இவரு. என் ஒடம்பு பெரிய ஒடம்பு, அதுக்கு ஒண்ணும் தெரியாதுன்னாரு முதலாளி. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஒரு வாளிப் பால மடியில வச்சுக்கிட்டு நான் ஒக்காறேன். கம்பிக்கு முன்ன எவ்வளவு சிந்துது, பின்ன எவ்வளவு சிந்துதுன்னு அளந்துக்கங்க"ன்னு வாயக் கொடுத்து மாட்டிக்கிட்டேன். தோட்டத்து வேலைய மேற்பார்க்குற கண்டக்டர் ஐயாவுக்கும் வேடிக்கை பார்க்க ஆசை, ஒரு வாளிப் பால விட்டுக் கொடுத்தாரு.

முதல் ஓட்டம், கம்பி இல்லாம. ஸ்டோர்ல இருந்து மாதா சிலை வச்ச கெபி வளைவு வரைக்கும் போய்த் திரும்பணும். எனக்கு ஒரு கையில வாளி, ஒரு கையில கதவு. முதலாளி ஸ்டியரிங்கக் கட்டிப் புடிச்சிருந்தாரு, வேக முள்ளு இருபதத் தாண்டல. அப்படியும் நாலு விரக்கடை சிந்திருச்சு. ரப்பர் பால் காஞ்சா துணியோடதான் போகும். என் நல்ல சீலை அன்னையோட சரி.

மூணு நாள்ல கம்பியும் தகடும் ஏறிருச்சு. ரெண்டாவது ஓட்டத்துல முதலாளி மிதிச்ச மிதியில நான் கண்ண இறுக்கி மூடி, அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பிச்சேன். கண்ணத் தொறந்தா ஸ்டோர் வாசல். ஒரு சொட்டுச் சிந்தல. முதலாளி குதிச்சு எறங்கி, க்ரீஸும் கையுமா நின்ன இவரக் கட்டிப் புடிச்சு, கராஜ் சாவியக் கையில வச்சாரு. ஸ்டோர் ஆளுங்க தகரத்தத் தட்டி ஆடுறாங்க, நானும் ரெண்டு சுத்துச் சுத்தினேன்.

ஆடி முடிச்சு, பாலத் தொட்டியில ஊத்தலாம்னு வாளியக் கவுத்தேன். ஊத்தல. வாளி வடிவத்துலேயே தொப்புன்னு விழுந்துச்சு, பெரிய இட்லி கணக்கா. பால் ஒறைய வைக்க அசிட் கலக்குற வாளிய அவசரத்துல நான் எடுத்திருக்கேன். ஒறஞ்ச பால் எங்க சிந்தும்?

யாரும் பார்க்கல. மூடி மறைச்சிருவோம்னுதான் நெனச்சேன், பொய் சொல்லல. ஆனா இவரு பார்த்துட்டாரு. அந்தக் கட்டியத் தூக்கிக்கிட்டு நேரா முதலாளிகிட்டப் போய், "இந்த ஓட்டம் செல்லாதுங்க. மறுபடி ஓட்டுங்க"ன்னு சாவியையும் நீட்டினாரு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கட்டியாலயே அவர அடிச்சிருப்பேன்.

மூணாவது ஓட்டம், நல்ல வாளி, நல்ல பால். இந்தத் தடவை கண்ண மூடல. திரும்பி வந்து குச்சி விட்டுப் பார்த்தா அதே நாலு விரக்கடை. முதலாளி ஒதட்டப் பிதுக்கினாரு. "நான் அப்பவே சொன்னேன்ல ஞானம்?" இவரு ஸ்பேனர எடுத்து, கம்பியக் கழட்டப் பொனட்டத் தொறந்தாரு. அந்த மொகத்தப் பார்க்க முடியாம நான் குறுக்க புகுந்தேன்.

"நில்லுங்க. முதலாளி, அன்னைக்கு வளைவுல முள்ளு இருபது. இப்ப நாப்பத்தஞ்சு, அதுவும் ஒத்தக் கையில, பாட்டு வேற பாடிக்கிட்டு. நாப்பத்தஞ்சுல போய் இருபதுல சிந்துன அளவுதான் சிந்திருக்கு. கதவ யாரு புடிச்சா? எனக்கு ரெண்டு கையும் வாளியிலதான இருந்துச்சு. தொறந்துச்சா?"

முதலாளி கதவப் பார்த்தாரு. அப்புறம் தன் கையப் பார்த்தாரு. "நான் பாடினேனா?"

"மலையே கேட்டுச்சுங்க."

மனுசன் புது வாளிய வாங்கி, கட்டியிருந்த வெள்ளைச் சாரத்து மேல வச்சுக்கிட்டு எடப்பக்கம் ஏறினாரு. இவரு இருபதுல ஓட்டினாரு. ஒரு விரக்கடைகூடக் கொறையல. முதலாளி எறங்காமலே அப்படிச் சிரிச்சாரு, அந்தச் சிரிப்புலதான் பாதி வாளி அவரு மேலேயே கொட்டுச்சு. பால் ஒழுகுற கையால சாவிய என்கிட்டத்தான் கொடுத்தாரு.

தோட்டத்துல, வேலையில இருந்து பேர வெட்டிருவேன்னு மெரட்டினா நடுங்காத ஆளு இல்ல. மறுநாள் காலையில, வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுல நான் கணக்கப்பிள்ளை மூக்கையா முன்னால போய் நின்னு, "எம்பேர வெட்டிருங்கய்யா"ன்னேன். அவரு பேனாவக் கையில புடிச்சுக்கிட்டு என்னையே பார்த்தாரு. சிரிப்ப அடக்க முடியாம, நல்லா அழுத்தி வெட்டுங்கன்னு இன்னொரு தடவ சொன்னேன்.