எங்கள் கிணற்றை உப்பு என்றவன்

வாசல் தென்னையில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். புரோக்கர். முந்தின நாள்தான் போனில் பேசியிருந்தோம். ‘வீடு விற்பனைக்கு’ என்று எழுதி, அதைவிடப் பெரிதாகத் தன் போன் நம்பரைப் போட்ட தகரப் பலகையை மரத்தில் அறைந்துகொண்டிருந்தான். கூப்பிடவில்லை, கேட்கவில்லை. நான் நிற்பதைப் பார்த்த பிறகும் அடுத்த ஆணியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டான்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லீட்டு அடிக்கலாமல்லங்க?" என்றேன்.

"விக்கற ஊட்டுல மரத்துக்கு என்ன நோவு?" என்றான்.

அன்றைக்கே விரட்டியிருக்க வேண்டும். விரட்டுகிற நிலையில் நாங்கள் இல்லை. என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். சித்தூருக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மாநில எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய், திரும்பும்போது என் தோளில் சாய்ந்து துணிமூட்டை மாதிரிக் கிடப்பார். வீட்டை விற்றால்தான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில், மகள் இருக்கும் தெருவில், சின்னதாக ஒரு வீடு பார்க்க முடியும். எங்கள் பக்கத்தில் ஒரு புரோக்கர் பலகை அடித்த வீட்டை இன்னொரு புரோக்கர் எட்டிப் பார்ப்பதில்லை. அது அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஆக, இவனைப் பகைத்துக்கொண்டால் வீடு அப்படியே கிடக்கும். அது அவனுக்கும் தெரியும்.

பார்ட்டிகளைக் கூட்டிக்கொண்டு நினைத்த நேரத்துக்கு வருவான். செருப்போடு சமையலறை வரை போவான். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தால், "நகரு, அவிய பாக்கோணும்" என்பான். ஒருமுறை என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலைக் காட்டி, "ஆளுக்கு ரொம்ப முடியலைங்க, அதுதான் அவசரம். பேசிக் கொறைச்சுக்கலாம்" என்று வந்தவர்களிடம் சொன்னான். அவர் கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். அரிவாள்மனையை விட்டு எழுந்தேன். அவர்தான் வேண்டாம் என்று தலையசைத்தார்.

எல்லாவற்றையும்விட ஒரு உத்தரவு போட்டான். பார்ட்டிக்குத் தண்ணீரோ காப்பியோ கொடுக்கக் கூடாதாம்.

"குடுத்தா உக்காருவாங்க. உக்காந்தா பேச்சு வளரும். பேச்சு வளந்தா யாவாரம் கெட்டுப்போகும். நான் பாக்காத பார்ட்டியா?"

படி ஏறி வருகிறவர் கையில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டுத்தான் வந்த விஷயத்தையே கேட்போம் நாங்கள். கடன் கேட்டு வந்தவனுக்கும் அதுதான், கல்யாணம் சொல்ல வந்தவனுக்கும் அதுதான். அதிலும் எங்கள் கிணறு சாதாரணக் கிணறு இல்லை. சுற்றிலும் போர் போட்ட இடமெல்லாம் உப்பு. பங்குனியில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊர் இது. எங்கள் கிணறு மட்டும் வற்றாது, கரிக்காது. மற்ற வேலைக்குக் குழாய்த் தண்ணீர் வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் வாளியும் கயிறும் போட்டு இறைத்ததுதான். இருந்தும் வாயை மூடிக்கொண்டேன். வெயிலில் வந்தவர்கள் வறண்ட நாக்கோடு திரும்பிப் போனார்கள். எல்லோரும் ஒரே மாதிரி அடிமாட்டு விலை கேட்டார்கள். "தண்ணிக்கு வேற செலவு இருக்குதுங்களே" என்று ஒருவர் ஆரம்பித்தபோது, "அதெல்லாம் பொறவு பேசிக்கலாம்" என்று அவரை அப்படியே காருக்குத் தள்ளிக்கொண்டு போனான். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

பிறகு ஒரு நாள் மூணாறிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்ததிலிருந்து எஸ்டேட் வீட்டிலேயே இருந்தவர்கள், இப்போதுதான் சொந்தமாக ஒன்று தேடுகிறார்கள். மலைக்குளிரில் இருந்த அந்த அம்மாவுக்கு எங்கள் ஊர் வெயில் தாங்கவில்லை. முகம் வெளுத்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. புரோக்கர் என்னை முறைத்தான். நான் உள்ளே போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்து அந்த அம்மா கையில் கொடுத்தேன்.

ஒரு மடக்கு குடித்தது. நின்றது. மறுபடி குடித்தது. பிறகு புருஷனைப் பார்த்து, "ஏங்க, தண்ணி இனிக்கல்லா செய்யுது. உப்புத் தண்ணின்னுல்லா இவரு சொன்னாரு?" என்றது.

அவரும் வாங்கிக் குடித்தார். "கெணறு உப்பு, குடிக்க லாரித் தண்ணிதான், அதனால வெலையக் கொறைச்சுக் கேளுங்கன்னு கார்லயே சொன்னாரேம்மா" என்றார் என்னிடம்.

வந்தவர்கள் எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். விலையை இறக்கி இறக்கி, நாங்கள் ஓய்ந்துபோனதும் தன் மச்சினனுக்கே முடித்துக்கொள்ளலாம் என்று கணக்கு. மச்சினன் பெயரை முந்தின வாரம்தான் மெதுவாக எடுத்திருந்தான். அந்த இடைவெளியில் என் வீட்டுக்காரர் எத்தனை தடவை பஸ்ஸில் துவண்டு விழுந்திருக்கிறார்!

"எங்க ஊட்டுக் கெணத்தையா உப்புன்னு சொன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தொழில்ல இதெல்லாம் இருக்கறதுதானுங்க" என்று சிரித்தான். அன்றைக்குத்தான் அவன் வாயிலிருந்து முதன்முதலாக எனக்கு ஒரு ‘ங்க’ வந்தது.

மூணாறுக்காரர் நியாயமான விலைக்கு வீட்டை வாங்கிக்கொண்டார். பார்ட்டியைக் கூட்டிவந்தவன் என்று இவனும் பத்திரப் பதிவன்று வந்து கமிஷனை வாங்கிக்கொண்டு போனான். அத்தோடு ஒழிந்தான் என்று நினைத்தேன்.

கிளம்பும் நாள். சாமான் ஏற்றிய டெம்போ முன்னால் போய்விட்டது, வாளியும் கயிறும் அதில்தான். வெறும் வீட்டில் நாங்கள் இருவரும் மருமகனின் காருக்காகக் காத்திருந்தோம். சமையல் மேடையில் ஒரே ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து வைத்திருந்தேன். டயாலிசிஸ் செய்கிறவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளந்து சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "கெளம்பறப்பக் குடு. இன்னைக்குப் பங்க மொத்தமா நம்ம கெணத்துத் தண்ணியாக் குடிச்சுக்கறேன்" என்றிருந்தார்.

அப்போது பைக் சத்தம். தன் பலகையை எடுத்துப்போக வந்திருந்தான். தென்னையிலிருந்து ஆணிகளைப் பிடுங்கிப் பலகையைப் பைக்கில் கட்டினான். வேர்த்து வழிந்துகொண்டு வாசல்படியில் வந்து நின்றான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

"இல்ல" என்றேன். அந்த வாசலில் நின்று நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

உள்ளேயிருந்து அவர், "குடு" என்றார்.

"அது உங்களுதுங்க."

"கேட்டு வந்த ஆளுக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டு இந்த ஊட்ட உட்டுப் போகவேண்டாம். குடு."

கொடுத்தேன். அண்ணாந்து மடமடவென்று குடித்தான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அதைக் கையில் ஊற்றி முகத்தைக் கழுவிக்கொண்டு, சொம்பை என்னிடம் நீட்டினான்.

"தண்ணி ஜோரா இருக்குதுங்க" என்றான்.

அவன் போன பிறகு வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் திட்டினேன். கார் வந்ததும்தான் நிறுத்தினேன்.

எல்லையிலிருக்கும் வேலந்தாவளத்தில் காரை நிறுத்தி ஒரு கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கினேன். அவருடைய பங்கை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார்.

"தாகமில்லை" என்றார். காலையிலிருந்து காத்திருந்த மனிதர்.